நுரையீரல் புற்றுநோய் அறுவைக்குப் பின் மரபணு எவ்வளவு சொல்லும்? – வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

நுரையீரல் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைச் சுற்றி வந்தன. அறுவைக்குப் பின் ஒருவர் எவ்வளவு காலம் நலமாக இருப்பார் என்பதை அவருடைய மரபணுவைப் பார்த்துச் சொல்லிவிட முடியுமா என்பதே அது. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கப்படுகிறது.

கேள்வி: என் மாமனாருக்கு வயது 62. புகைப்பழக்கம் இல்லாதவர். ஐந்து வாரங்களுக்கு முன் அவருடைய வலது நுரையீரலின் மேல்மடலை அகற்றினார்கள். அடினோகார்சினோமா என்ற வகைப் புற்றுநோய், ஸ்டேஜ் 1பி என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. எச்சிலை அனுப்பி வைத்தால் மரபணுவைப் பார்த்து நோய் திரும்புமா, எத்தனை ஆண்டுகள் ஆபத்தில்லை என்று சொல்லிவிடுவதாக ஒரு விளம்பரம் பார்த்தோம். செலவு அதிகம்தான். ஆனாலும் செய்துவிடலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தை வைத்திருங்கள். வேறொரு பரிசோதனைக்கு அது தேவைப்படலாம். விளம்பரத்தில் உள்ளதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது என்பதால் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஆய்வுக்கூடத்தில் பாதித் தூரம் வந்து நின்றுபோன ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

மரபணு வேறுபாடுகளில் இரண்டு வகை உண்டு. தாய் தந்தையிடமிருந்து பெற்று, கருவில் இருக்கும்போதே உடலின் எல்லாச் செல்களிலும் அமைந்துவிடுவது ஒரு வகை. நம் டி.என்.ஏ.வில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் இருக்கின்றன. எந்த இருவரை ஒப்பிட்டாலும் அவற்றில் பல லட்சம் இடங்களில் எழுத்து மாறியிருக்கும். வாழ்நாளின் நடுவே நுரையீரலின் ஏதோ ஒரு செல்லில் ஏற்பட்டு, அந்தச் செல் பெருகிக் கட்டியான பிறகும் கட்டிக்குள் மட்டுமே இருப்பது இன்னொரு வகை. எச்சிலைச் சோதித்தால் தெரிவது முதல் வகை மட்டுமே. உங்கள் மாமனாருக்கு வந்த கட்டியைப் பற்றி அவருடைய எச்சிலில் ஒரு செய்தியும் இல்லை.

பிறவியிலேயே அமைந்த வேறுபாடுகளுக்கும் அறுவைக்குப் பிந்தைய ஆயுளுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எண்ணியதில் நியாயம் இருந்தது. சேதமடைந்த டி.என்.ஏ.வைச் சரிசெய்யும் இ.ஆர்.சி.சி.1, எக்ஸ்.ஆர்.சி.சி.1 ஆகிய மரபணுக்கள் ஒருவருக்கு வேகமாகவும் மற்றவருக்கு மந்தமாகவும் வேலை செய்யக்கூடும். கட்டிக்குப் புதிய ரத்தக்குழாய்கள் முளைக்க உதவும் வி.இ.ஜி.எஃப். மரபணுவும் ஆளுக்கு ஆள் சற்று மாறுபடும். இவற்றை அறுவை செய்துகொண்டவர்களின் ரத்த மாதிரிகளில் தேடி, யார் எத்தனை ஆண்டுகள் உயிரோடு இருந்தார் என்ற கணக்கோடு பொருத்திப் பார்த்த ஆய்வுகள் 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் அமெரிக்கா, சீனா, தென்கொரியா எனப் பல நாடுகளிலிருந்தும் வெளிவந்தன. ஆனால் ஒவ்வொன்றிலும் இருந்தவர்கள் பெரும்பாலும் சில நூறு பேர்தான். ஓரிடத்தில் நன்மை தருவதாகத் தெரிந்த மாறுபாடு வேறோர் இடத்தில் எந்த விளைவும் காட்டாமல் போவது இத்துறையில் வாடிக்கையாகிவிட்டது.

இது ஏன் நேர்கிறது என்பதற்கு ஒரு சிறு கணக்கே போதும். ஐந்து லட்சம் இடங்களைச் சோதிக்கும் ஒரு ஆய்வு, நூற்றில் ஐந்து தற்செயலாக அமையலாம் என்ற வழக்கமான அளவுகோலை வைத்துக்கொண்டால், உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாதபோதும் 25,000 இடங்கள் ஆயுளோடு தொடர்புடையவை போலத் தோன்றும். அதனால்தான் மரபணுத் தொகுப்பு முழுவதையும் அலசும் ஆய்வுகளில், தற்செயலாக நேரும் வாய்ப்பு இரண்டு கோடியில் ஒன்றுக்கும் குறைவாக இருந்தாலே ஒரு முடிவை ஏற்கிறார்கள். நோயாளிகள் சில நூறு பேர் மட்டுமே இருக்கும்போது, ஆயுளில் சிறிய வித்தியாசம் உண்டாக்கும் மாறுபாடு எதுவும் அந்த வரம்பைத் தாண்டுவது அரிது.

கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வுகளும் இதற்குத் தப்பவில்லை. ஒரு உதாரணம்: சிஸ்பிளாட்டின் கீமோ உண்டாக்கும் டி.என்.ஏ. சேதத்தைச் சரிசெய்வதில் இ.ஆர்.சி.சி.1 புரதத்துக்குப் பங்கு உண்டு. கட்டியில் இந்தப் புரதம் இல்லாதவர்களுக்கே அறுவைக்குப் பிந்தைய கீமோ பலன் தருகிறது என்று 2006-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஒரு பெரிய பன்னாட்டுச் சோதனையின் திசு மாதிரிகளைக் கொண்டு காட்டினார்கள். உலகமே கவனித்த அந்த முடிவை 2013-ல் அதே குழுவினரால் மீண்டும் பெற முடியவில்லை. புரதத்தைக் கண்டறியப் பயன்படுத்திய எதிர்ப்பொருளின் (ஆன்டிபாடி) புதிய தொகுதி பழையதைப் போல வேலை செய்யவில்லை. அதோடு, அந்தப் புரதத்தின் நான்கு வடிவங்களில் வேலை செய்யும் வடிவத்தைத் தனியே பிரித்துக் காட்டக்கூடிய எதிர்ப்பொருள் எதுவுமே இல்லை என்பதும் தெரியவந்தது. அதே 2006-ல், ஆரம்ப நிலையில் அறுவை செய்தவர்களில் யாருக்கு நோய் திரும்பும் என்று மரபணுச் செயல்பாட்டை வைத்துக் கணிக்கலாம் என அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த ஆய்வின் கதை இன்னும் மோசமானது: அது 2011-ல் திரும்பப் பெறப்பட்டது. இத்தனையும் நடந்த ஒரு துறையிலிருந்து எச்சில் குப்பியோடு வீட்டு வாசலுக்கே வரும் ஆயுள் கணிப்பை நான் நம்பத் தயாராக இல்லை.

இன்றைக்கும் மிக நம்பகமான வழிகாட்டி உங்கள் கையில் இருக்கும் பெத்தாலஜி ரிப்போர்ட்தான், அதாவது அகற்றிய திசுவை நுண்ணோக்கியில் பார்த்து எழுதிய அறிக்கைதான். பன்னாட்டு நுரையீரல் புற்றுநோய் ஆய்வுச் சங்கம் தொகுத்த, நோயின் பரவலை வகுக்கும் நிலைப் பகுப்பின் (ஸ்டேஜ்) எட்டாம் பதிப்புப்படி, அறுவைக்குப் பின் ஐந்தாண்டுகள் உயிரோடு இருந்தவர்கள் ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டியில் 90 சதவீதம், 1பி நிலையில் 73 சதவீதம், 2பி-யில் 56 சதவீதம், 3ஏ-யில் 41 சதவீதம். பிறவி மரபணு மாறுபாடு எதுவும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டியதில்லை. இவற்றோடு, எத்தனை நிணநீர்க் கணுக்களை எடுத்துப் பார்த்தார்கள், வெட்டிய விளிம்பில் நோய் இல்லாமல் இருந்ததா, நுரையீரலைப் போர்த்தியிருக்கும் சவ்வை நோய் தொட்டிருந்ததா, கட்டியின் செல் அமைப்பு எத்தகையது என்பவற்றையும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதன் பிறகு, கட்டித் திசுவில் இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. ஆகிய இரு மரபணுக்களின் மாற்றங்களுக்கான (இவை இருந்தால் அவற்றைக் குறிவைக்கும் மாத்திரைகள் உண்டு) பரிசோதனை செய்யப்பட்டதா என்று கேளுங்கள். நான் வைத்திருக்கச் சொன்ன பணம் இதற்குத்தான். புகைக்காதவருக்கு அடினோகார்சினோமா வந்திருப்பதால் இந்தக் கேள்வி உங்கள் வீட்டில் மிகவும் முக்கியம்.

கேள்வி: என் அண்ணனுக்கும், அவரோடு ஒரே வார்டில் இருந்த இன்னொருவருக்கும் ஒரே ஸ்டேஜ், ஒரே அறுவை, அறுவை செய்த மருத்துவரும் ஒருவரே. அண்ணனுக்கு ஓராண்டுக்குள் மூளையில் நோய் வந்துவிட்டது. மற்றவர் நன்றாக இருக்கிறார். இது விதி என்று விட்டுவிட வேண்டியதுதானா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: முதலில் உங்கள் அண்ணனுக்கு உதவக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். அவருடைய கட்டியில் இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. போன்ற மாற்றங்கள் உள்ளனவா என்று சோதித்தார்களா என உடனே விசாரியுங்கள். இவை இருந்தால், மூளைக்குள்ளும் சென்று வேலை செய்யும் மாத்திரைகள் இன்று இருக்கின்றன. சோதிக்கவில்லை என்றால் இப்போதும் சோதிக்கலாம்.

நோய் மூளையில் திரும்பியது என்றால், அறுவை நடந்த நாளிலேயே ஸ்கேனில் தெரியாத அளவுக்குச் சில செல்கள் நுரையீரலை விட்டு வெளியேறியிருந்தன என்பதே பெரும்பாலும் பொருள். அப்படி வெளியேறும் திறன் எந்தக் கட்டிக்கு இருக்கிறது என்பதை, கட்டிக்குள்ளே இருக்கும் மரபணு வேறுபாடு ஓரளவுக்குச் சொல்கிறது. இங்கிலாந்தில் பேராசிரியர் சார்லஸ் ஸ்வான்டன் தலைமையில் 2014-ல் தொடங்கிய ‘டிரேசர்எக்ஸ்’ ஆய்வு இதைத்தான் தேடியது. அறுவையில் அகற்றிய கட்டியின் ஒரு துண்டை மட்டும் எடுத்துச் சோதிப்பதற்குப் பதிலாக, ஒரே கட்டியின் பல இடங்களிலிருந்து துண்டுகள் எடுத்து ஒவ்வொன்றின் டி.என்.ஏ.வையும் தனித்தனியே வாசித்தார்கள். முதல் 100 நோயாளிகளின் முடிவுகள் 2017-ல் வெளியாயின. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இந்தக் கட்டிகளுக்குப் பொருந்தவில்லை. ஒரே கட்டியின் மேல்பகுதியில் இருந்த மாற்றங்கள் கீழ்ப்பகுதியில் இல்லை. ஒவ்வொரு பகுதியும் தன் போக்கில் மாறிக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. தனித்தனி எழுத்து மாற்றங்கள் கட்டியின் பகுதிக்குப் பகுதி எவ்வளவு வேறுபடுகின்றன என்பது நோய் திரும்புவதோடு குறிப்பிடத்தக்க தொடர்பு எதையும் காட்டவில்லை. குரோமோசோம்களின் பெரும் துண்டுகளே சில பகுதிகளில் இழக்கப்பட்டும் சில பகுதிகளில் இரட்டித்தும் இருந்த கட்டிகளில்தான் ஆபத்து இருந்தது. அத்தகைய குரோமோசோம் நிலையின்மை மிகுந்த கட்டி உடையவர்களுக்கு, நோய் திரும்பவோ இறக்கவோ உள்ள ஆபத்து மற்றவர்களைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. உங்கள் அண்ணனின் கட்டியும் வார்டில் இருந்த மற்றவரின் கட்டியும் நுண்ணோக்கியில் ஒன்று போலவே தெரிந்திருந்தாலும், இந்த அளவில் அவை வெவ்வேறாக இருந்திருக்கக்கூடும்.

அப்படியானால் எல்லோருக்கும் இதைச் செய்து பார்க்கலாமே என்று கேட்பீர்கள். பல துண்டுகள் எடுத்து முழுவதும் வாசிப்பது ஆராய்ச்சிக்கு ஏற்றது. அன்றாட மருத்துவமனை வேலைக்கு ஏற்றதன்று. அதைவிட நம்பிக்கை தருவது, அறுவைக்குப் பின் ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டி.என்.ஏ. துணுக்குகளைத் தேடுவது. சி.டி. ஸ்கேனில் தெரிவதற்குச் சில மாதங்கள் முன்பே நோய் திரும்புவதை இது பலரிடம் காட்டிவிடுகிறது. ஆனால் முன்கூட்டியே தெரிந்துகொண்டு முன்கூட்டியே சிகிச்சை தொடங்கினால் ஆயுள் கூடுமா என்பதைச் சோதனைகள்தாம் தீர்மானிக்க வேண்டும். பரிசோதனை முடிவு ‘இல்லை’ என்று வந்தாலும் நோய் இல்லை என்று அர்த்தமாகிவிடாது.

தற்செயலுக்கும் இதில் பங்கு உண்டு. நுரையீரல் புற்றுநோய்க்காக ஒரு பக்க நுரையீரல் முழுவதையும் ஒரே அறுவையில் முதன்முதலில் வெற்றிகரமாக அகற்றியவர் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம், ஆண்டு 1933. நோயாளியும் ஒரு மருத்துவர். அக்காலத்தில் துல்லியமான ஸ்கேன் இல்லை, கீமோ இல்லை. ஆனாலும் அந்த நோயாளி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உயிரோடு இருந்தார். நெடுங்காலம் புகைபிடித்தவரான கிரஹாம் 1957-ல் அதே நுரையீரல் புற்றுநோயால் இறந்துபோனார். அவருடைய நோயாளி அதன் பிறகும் சில ஆண்டுகள் இருந்தார். அந்தக் கட்டியின் மரபணுவை இன்று வாசித்திருந்தால் எல்லாவற்றுக்கும் விளக்கம் கிடைத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: அம்மாவின் ரிப்போர்ட்டில் இ.ஜி.எஃப்.ஆர். எக்ஸான் 19 மாற்றம் என்று இருக்கிறது. எனக்கும் தங்கைக்கும் இது வருமா? நாங்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமா?
– வாசகி, சென்னை

பதில்: அந்த மாற்றம் உங்கள் அம்மாவின் கட்டியில் உண்டானது. அவர் பிறக்கும்போது அது இல்லை. உங்களுக்கு அவர் அதைத் தரவும் இல்லை. பரிசோதனை தேவையில்லை. பிறவியிலேயே இ.ஜி.எஃப்.ஆர். மாற்றத்தோடு வரும் குடும்பங்கள் உலகில் உண்டு என்றாலும் அவை மிக அரிது. அவற்றில் காணப்படுவது பெரும்பாலும் டி790எம் என்ற வேறு மாற்றம். ஒரே குடும்பத்தில் பலருக்கு இளம் வயதிலேயே நுரையீரல் புற்றுநோய் வந்திருந்தால் மட்டும் மரபணு ஆலோசகரைப் பார்க்கலாம்.

கேள்வி: அப்பாவுக்கு 2பி நிலையில் அறுவை முடிந்து கீமோவும் முடிந்தது. இப்போது இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருப்பதால் மூன்று ஆண்டுகள் மாத்திரை சாப்பிட வேண்டும் என்கிறார்கள். கட்டியைத்தான் முழுவதும் எடுத்துவிட்டார்களே, பிறகு எதற்கு?
– வாசகர், ஈரோடு

பதில்: கட்டியை எடுத்தாயிற்று, முன்னரே வெளியேறிய செல்கள் இருக்கின்றனவா என்பது யாருக்கும் தெரியாது. அந்தச் செல்களுக்காகத்தான் மாத்திரை.

இ.ஜி.எஃப்.ஆர். என்பது வெளியிலிருந்து வரும் கட்டளையைப் பெற்று, செல்லைப் பெருகச் சொல்லும் ஒரு புரதம் (ஏற்பி). அதன் மரபணுவில் எக்ஸான் 19 என்ற பகுதியில் சில எழுத்துகள் விடுபட்டாலோ, எக்ஸான் 21-ல் எல்858ஆர் என்ற ஒற்றை மாற்றம் ஏற்பட்டாலோ, வெளியிலிருந்து கட்டளை வராமலே அது ஓயாமல் இயங்கத் தொடங்கிவிடும். இந்த மாற்றங்கள் 2004-ல் கண்டறியப்பட்டன. ஐரோப்பிய வம்சாவளியினரின் அடினோகார்சினோமாவில் இவை 10 முதல் 15 சதவீதம். கிழக்காசியாவில் பாதிக்கு அருகில். இந்தியாவில் நான்கில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை. பரம்பரை, புகைப்பழக்கம், பிற சூழல் காரணங்கள் ஆகியவற்றில் எது எவ்வளவு இந்த வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பது இன்னும் பிரித்தறியப்படவில்லை. ஆனால் நம் மக்களிடையே இந்தப் பரிசோதனையைத் தவிர்க்க முடியாததாக ஆக்குவது இந்த எண்தான்.

மேலே சொன்ன டிரேசர்எக்ஸ் ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. கட்டி பகுதிக்குப் பகுதி மாறினாலும் இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் பெரும்பாலும் எல்லாப் பகுதிகளிலும் இருந்தது. கட்டி உருவான தொடக்கத்திலேயே அது ஏற்பட்டுவிடுவதால், தப்பிச் சென்ற செல்களிலும் அது இருக்கும்; அதைக் குறிவைக்கும் மருந்து அவற்றையும் எட்டும்.

‘அடாரா’ என்ற சோதனையில் 1பி முதல் 3ஏ வரையிலான நிலையில் அறுவை முடிந்த, இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ள 682 பேருக்கு, அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் ஓசிமெர்டினிப் மாத்திரை அல்லது மருந்தில்லாத வெறும் மாத்திரை மூன்றாண்டுகள் கொடுக்கப்பட்டது. 2023-ல் வெளியான முடிவின்படி ஐந்தாண்டுகள் உயிரோடு இருந்தவர்கள் மருந்து பெற்றவர்களில் 88 சதவீதம், மற்றவர்களில் 78 சதவீதம். 2, 3ஏ நிலைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 85-க்கு 73. அறுவைக்குப் பிந்தைய கீமோ தரும் பலன் ஐந்தாண்டுகளில் சராசரியாக 5 சதவீதப் புள்ளிகள் என்பதோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும். ஏ.எல்.கே. மாற்றம் உள்ளவர்களுக்கு அலெக்டினிப் இரண்டாண்டுகள் தரப்பட்ட சோதனையில், இரண்டாண்டு முடிவில் நோய் திரும்பாதவர்கள் ஏறத்தாழ 94 சதவீதம். கீமோ பெற்றவர்களில் 64 சதவீதம்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சீனாவில் அறுவைக்குப் பின் கெஃபிட்டினிப் என்ற பழைய மாத்திரை கொடுத்த சோதனையில் நோய் திரும்புவது தள்ளிப்போனது; ஆனால் மொத்த ஆயுள் கீமோ பெற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. ஆகவே மாத்திரை எல்லாம் ஒன்றுதான் என்று விலை குறைந்த ஒன்றுக்கு நீங்களாக மாறிவிடாதீர்கள். ஓசிமெர்டினிப் சாப்பிடும்போது வயிற்றுப்போக்கு, தோல் வறட்சி, வாய்ப்புண், நகச்சுற்று ஆகியவை வரும்; பெரும்பாலும் சமாளிக்கக்கூடியவை. புதிதாக மூச்சு வாங்கினாலோ வறட்டு இருமல் வந்தாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். சிலருக்கு நுரையீரலில் அழற்சி ஏற்படுவதுண்டு. இதயத் துடிப்பில் மாற்றம் வரக்கூடும் என்பதால் இ.சி.ஜி.யும் அவ்வப்போது எடுப்பார்கள்.

கேள்வி: மனைவிக்கு அறுவை முடிந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. மரபணுப் பரிசோதனை செய்யவே இல்லை. எடுத்த கட்டியை இந்நேரம் தூக்கி எறிந்திருப்பார்களே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: எறிந்திருக்க மாட்டார்கள். அறுவையில் எடுத்த மடலை ஃபார்மலினில் ஊறவைத்து, முக்கியமான இடங்களிலிருந்து சிறு துண்டுகள் வெட்டி, ஒவ்வொன்றையும் பாரஃபின் மெழுகில் பதித்து வைப்பார்கள். இதைத்தான் ஆய்வகத்தில் ‘பிளாக்’ என்பார்கள். கட்டைவிரல் அளவுள்ள பிளாஸ்டிக் சட்டத்தில் வெள்ளை மெழுகும், அதன் நடுவே பழுப்பு நிறத்தில் திசுவும், விளிம்பில் ஒரு எண்ணும் இருக்கும். நுண்ணோக்கியில் பார்க்கும் ஸ்லைடுகள் இதிலிருந்து சீவி எடுத்தவை. மீதமுள்ள பிளாக் பெத்தாலஜி துறையில் சில ஆண்டுகளாவது பாதுகாக்கப்படும்.

ரிப்போர்ட்டின் நகலும் சி.டி. ஸ்கேன் படங்களும் போதும் என்று நினைத்துப் போய்விடாதீர்கள். பெத்தாலஜி எண்ணைக் குறித்துக்கொண்டு, கட்டி அதிகமுள்ள பிளாக்கை எழுத்து மூலம் கேளுங்கள். பரிசோதனை முடிந்ததும் அதைத் திரும்ப ஒப்படைத்துவிடுங்கள். பரிசோதனைக்கூடத்தில் முதலில் கட்டிச் செல்கள் போதிய அளவு இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பார்கள். இ.ஜி.எஃப்.ஆர். மட்டும் பார்க்கும் பரிசோதனை சீக்கிரம் முடிந்துவிடும். பல மரபணுக்களை ஒருசேரப் பார்க்கும் என்.ஜி.எஸ். பரிசோதனைக்கு இரண்டு மூன்று வாரங்கள் ஆகலாம்.

காலம் பற்றியும் கவனம் தேவை. அடாரா சோதனையில், கீமோ பெறாதவர்கள் அறுவை முடிந்து 10 வாரங்களுக்குள்ளும், கீமோ பெற்றவர்கள் 26 வாரங்களுக்குள்ளும் மாத்திரையைத் தொடங்கினார்கள். இரண்டு மாதங்கள் ஆகிவிட்ட நிலையில், அடுத்த மறுபரிசோதனை நாள் வரும்வரை பொறுக்காமல் இந்த வாரமே சென்று கேளுங்கள். ஒரு செய்தி மட்டும்: நோய் 1ஏ நிலையில் இருந்திருந்தால், மாற்றம் இருந்தாலும் இந்த மாத்திரை வழக்கமாகத் தரப்படுவதில்லை.

கேள்வி: எல்லாம் மரபணுவில் எழுதியிருக்கிறது என்றால், அறுவைக்குப் பிறகு சித்தப்பா சிகரெட்டை விடுவதால் என்ன ஆகிவிடப்போகிறது? அவரே இப்படிக் கேட்கிறார்.
– வாசகர், சேலம்

பதில்: சித்தப்பாவின் மரபணுவில் எழுதியதில் சிகரெட்டுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் வீதம் ஓராண்டு புகைத்தால் நுரையீரலின் ஒவ்வொரு செல்லிலும் சராசரியாக 150 மாற்றங்கள் உண்டாகின்றன என்று 2016-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. மீதமுள்ள நுரையீரலில் அந்த எழுத்து வேலை இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆரம்ப நிலை நோயோடு 65 வயதில் இருப்பவர்களில், தொடர்ந்து புகைத்தவர்களில் 33 சதவீதமும் விட்டுவிட்டவர்களில் 70 சதவீதமும் ஐந்தாண்டுகள் உயிரோடு இருப்பார்கள் என்று, முந்தைய பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் மதிப்பிட்டார்கள். விட்டவர்கள் பொதுவாகவே உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்களாக இருந்திருக்கலாம் என்று கொஞ்சம் கழித்துக்கொண்டாலும் வித்தியாசம் பெரிதுதான். இதுவரை சொன்ன எந்த மாத்திரைக்கும் குறையாத இந்தப் பலனுக்குப் பரிசோதனையும் தேவையில்லை, பிளாக்கும் தேவையில்லை. நிக்கோட்டின் சூயிங்கம், ஒட்டுப்பட்டை, மாத்திரை ஆகியவற்றில் அவருக்கு எது ஏற்றது என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.